பால்கனியில் இருப்பது டேனரி அல்ல, கத்தரித் தோட்டம்

அனுப்புநர்
சி. வேலாயுதம் (வயது 74),
த/பெ. காலஞ்சென்ற சின்னப்பையன்,
எண் 11, இரண்டாம் தளம், சி பிளாக்,
பூஞ்சோலை நகர் அடுக்குமாடிக் குடியிருப்பு,
ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு உதவி செயற்பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம்,
பூஞ்சோலை நகர், ஆம்பூர்.

பொருள்: பால்கனியில் அனுமதியின்றித் தோல் பதனிடும் தொழில் நடத்துவதாக எனக்கு வந்த அறிவிப்பை ரத்து செய்யவும், அதே சமயம் என் மீது புகார் கொடுத்தவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்காமல் இருக்கவும் கோருவது தொடர்பாக.

பார்வை: 6.6.2025 அன்று என் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். நான் பேசுவதை அப்படியே எழுதினால் ஆபீசில் சிரிப்பார்கள் என்று சொல்லி அங்கங்கே திருத்திக்கொள்கிறார். வார்த்தை அவருடையதாக இருக்கலாம், விஷயம் என்னுடையது. எனக்கு எழுத்துத்தான் இல்லை, ஞாபகம் உண்டு. எந்த மழையில் எந்தச் செடி சாய்ந்தது என்று கேட்டால்கூடச் சொல்வேன். ஆகவே கீழே வரும் எதுவும் குத்துமதிப்பாகச் சொன்னது அல்ல என்று முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் நான் என் "தொழிலை" அகற்றாவிட்டால் பால்கனியில் உள்ள பொருட்கள் அனைத்தும் அப்புறப்படுத்தப்படும் என்றும், வீட்டு ஒதுக்கீடும் ரத்தாகும் என்றும் அறிவிப்பில் கண்டிருக்கிறது. ஐயா, ஒரு மாட்டுத் தோலை விரித்தால் என் பால்கனி முழுவதும் மூடிக்கொள்ளும். நான் நிற்க இடம் இருக்காது. அந்த இடத்தில் நான் வைத்திருப்பது முள்ளுக் கத்தரிச் செடி நான்கு, புதினா ஒரு தொட்டி, பச்சை மிளகாய், ஓர் அவரைக் கொடி, கறிவேப்பிலைக் கன்று ஒன்று, டிசம்பர் பூச்செடி ஒன்று. இவை போக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அது நான் உட்காருவதற்கு.

3. தோல் வேலையே எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். மீசை அரும்பும் முன்பே டேனரிக்குள் போனவன். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத் தோலை வெளியே எடுத்து, மயிர் நீக்கிப் போடுவது என் வேலை. அந்த வேலை எனக்குச் சோறு போட்டது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடமிருந்து இரண்டை எடுத்துக்கொண்டது. ஒன்று, விரல் ரேகை. சுண்ணாம்பில் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. ரேஷன் கடை மெஷினில் என் விரல் பிடிக்காது, கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறேன். இன்னொன்று, மூக்கு. எனக்கு எந்த வாசனையும் தெரியாது. பிரியாணி அண்டாவைத் திறந்தாலும் ஒன்றுதான், சாக்கடை மூடியைத் திறந்தாலும் ஒன்றுதான். இந்த மனுவுக்கு மூக்கு மிகவும் முக்கியம் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

4. பாலாற்றில் வெள்ளம் வந்த வருடம் ஆற்றோரத்தில் இருந்த எங்கள் வீடுகள் போயின. பிறகு இந்தக் குடியிருப்பில் ஒதுக்கீடு கிடைத்தது. அதற்கு இன்றைக்கும் நன்றி உண்டு. என் மனைவி பட்டம்மாள் அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். வீட்டில் நான் ஒருவன். நான்கு சுவருக்குள் உட்கார்ந்து பழக்கமில்லாத எனக்கு, கதவைத் திறந்தால் வானம் தெரிகிற ஒரே இடம் பால்கனிதான். நின்று கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். குடியிருப்பின் பெயர் பூஞ்சோலை நகர். வந்த அன்றைக்கு இங்கே பூவும் இல்லை, சோலையும் இல்லை. சரி, நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்று ஒரு பெயிண்ட் டப்பாவில் மண் போட்டு மிளகாய் விதை தூவினேன்.

5. பால்கனியில் செடி வளர்ப்பது சுலபம் என்று யாராவது சொன்னால், அவர் எங்கள் சி பிளாக்கின் மேற்குப் பக்கத்தைப் பார்க்காதவர். மதியத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், விருந்தாளி மாதிரி. இருட்டினால்தான் எழுந்து போகும். சுவர் சுடும், தொட்டி சுடும், மண்ணில் கை வைத்தால் அதுவும் சுடும். போர் தண்ணீரோ உப்பு. வாளியில் பிடித்து வைத்தால் விளிம்பில் வெள்ளை கட்டும். அதை ஊற்றிய முதல் தக்காளிச் செடி நுனி கருகி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையைத் தொங்கப் போட்டது. நல்ல தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது, அது குடிக்கவே சரியாகப் போகிறது. அரிசி கழுவிய தண்ணீர்தான் செடிக்கு. ஒருவன் சாப்பிடும் சோற்றுக்கு எவ்வளவு அரிசி கழுவ முடியும் என்று தாங்களே யோசித்துப் பார்க்கவும்.

இது தவிர மாவுப்பூச்சி. இது தவிர புறா. இது தவிர கத்தரிப் பூ உதிர்வது. இரண்டாம் மாடிக்கு வண்டு வராது என்று நினைத்து, ஒவ்வொரு பூவையும் விரலால் லேசாகச் சுண்டிவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் ஒரு கருவண்டு வந்தது. எங்கே விலாசம் கேட்டு வந்ததோ தெரியாது. நான்கு செடியையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய், மறுநாளும் வந்தது. அன்றிலிருந்து நான் பூவைச் சுண்டுவதில்லை. தெரிந்தவர்கள் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் கத்தரிக்காய் கோலிக்குண்டு அளவுக்கு வந்தபோது, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில் அடுப்பில் வைத்த சோறு தீய்ந்தது. கருகின வாசனை எனக்குத் தெரியாதே. கீழ் வீட்டிலிருந்து கத்திச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

6. இனி புகாருக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்பு ஆடி மாதத்தில் என் செடிகளெல்லாம் வெளுத்துப் போயின. எனக்கு மேலே மூன்றாம் தளத்தில் இருக்கும் அப்துல் ஹமீத் என்பவர் என் பழைய தோஸ்த். தோல் கம்பெனிகளில் ஆட்டு மயிர் வாங்கி விற்கும் குடோனில் வேலை செய்தவர். அவர் ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். "தோஸ்த், ஆட்டு மயிரு போட்டா தென்னை மரமே நிமிந்துக்கும், கத்தரி எம்மாத்திரம்? ஒண்ணும் பேஜார் ஆவாது" என்றார். தென்னந்தோப்புகளில் அதைப் போடுவது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தோப்பு என்பது வெட்டவெளி, பால்கனி என்பது பால்கனி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மூட்டை ஈரமாக இருந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் போகட்டும் என்று டிரம்மில் ஊற வைத்தேன். அவர் மறுநாளே வாணியம்பாடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கோ மூக்கு இல்லை. அந்த மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தேன் என்றால் தாங்கள் புரிந்துகொள்ளலாம்.

7. எனக்குக் கீழே, முதல் தளம் எண் 7-இல் இருப்பவர் சவுரியம்மாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் ஒரு தோல் கம்பெனியின் கழிவுத் தொட்டியில் இறங்கியவர்; ஏறி வரவில்லை. இதை மனுவில் எழுதலாமா என்று சவுரியம்மாளிடம் கேட்டேன். எழுதலாம் என்றார். ஐயா, அந்த வாசனையே இனி வேண்டாம் என்றுதான் அவர் இந்தக் குடியிருப்புக்கு மனு போட்டு வந்தவர். அப்படிப்பட்டவர் தலைக்கு மேலே இரவு பகலாக அதே வாசனை வந்தால், அதுவும் சுண்ணாம்பும் மயிரும் சேர்ந்த வாசனை வந்தால், என்ன நினைப்பார்? மேலே ஒருவன் தோலை ஊற வைத்திருக்கிறான் என்றுதான் நினைப்பார். வேறு ஊராக இருந்தால் எலி செத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நம் ஊரில் மூக்குள்ள எவரும் அந்த வாசனையைத் தோல் என்றே சொல்வார்கள். அவர் தங்கள் அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். அப்போது எனக்கு அது தெரியாது.

8. புகாருக்கு யாரும் வரவில்லை. எனவே அவரே மாடி ஏறி வந்தார். வாசலில் நின்று, "இன்னாண்ணா, வூட்ல தோலு ஊற வெக்கிறியா? மனுஷங்க குடி இருக்கிறதா வாணாவா?" என்றார்.

"தோல் இல்லம்மா, செடிக்கு எரு" என்றேன்.

"எருவா? யாருக்குக் காது குத்துற? எனுக்கு மூக்கு கீதா இல்லியா?"

"உனுக்குக் கீது. எனுக்குத்தாம்மா இல்ல" என்றேன்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து இன்னும் சத்தம் போட்டார். விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. நேராகப் பால்கனிக்குப் போய், சாகக் கிடந்த புதினாவிலிருந்து ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கிடம் நீட்டினார். நான் மோந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது. "அய்யோ பாவமே" என்றார். சத்தம் அதோடு நின்றது. இதைச் சண்டை முடிந்த விவரமாகத் தங்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அன்று மாலையே மூட்டை ஆட்டோவில் ஏறி ஹமீதின் உறவுக்காரர் தென்னந்தோப்புக்குப் போய்விட்டது. அதன் பிறகு என் பால்கனியிலிருந்து அந்த வாசனை வந்ததில்லை.

9. அன்று முதல் சவுரியம்மாள்தான் எனக்கு மூக்கு. கடலைப் புண்ணாக்குக் கரைசல் பதமாகப் புளித்துவிட்டதா, அளவுக்கு மீறிப் போய்விட்டதா என்பதை மோந்துதான் சொல்ல வேண்டும். எந்தத் தொட்டியில் வேர் அழுகுகிறது என்பதும் மண்ணை மோந்தால் தெரியுமாம். எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். கறிவேப்பிலையின் வாசம் இன்றைக்குக் கம்மியா ஜாஸ்தியா என்பதுகூட அவர் சொல்லித்தான் நான் அறிவேன். அவர் மூக்கு நீளம் என்று நான் சொல்வது வழக்கம். இந்த வரியை எழுதுபவர் எழுத மறுத்தார். நான் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்று வற்புறுத்தி எழுத வைத்திருக்கிறேன்.

பதிலுக்குச் செடியில் விளைவதில் பங்கு. நான் கயிறு விடுவேன். அவர் கீழ் பால்கனியிலிருந்து அரிசி கழுவிய தண்ணீரைக் கேனில் கட்டி அனுப்புவார். அதே கயிற்றில் கத்தரிக்காய் இறங்கும். ஹமீது வீட்டில் பிரியாணி என்றால் புதினா மேலே போகும், மத்தியானம் கிண்ணத்தில் பிரியாணி கீழே வரும். கூடவே கத்தரிக்காய்த் தொக்கும் வரும். என் கத்தரிக்காய் எனக்கே திரும்பி வரும்போது அடையாளம் தெரியாது, அவ்வளவு எண்ணெய்.

டிசம்பர் பூச்செடி சவுரியம்மாள் கொண்டுவந்து கொடுத்த கிளை. கிறிஸ்துமஸுக்குத் தலையில் வைக்கப் பூ வேண்டும், தன் பால்கனியில் நிழல் என்றார். மல்லிகை கொண்டுவரக் கூடாதா, இந்த ஊதாப் பூவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "மல்லி வெச்சா நான் மோந்து நான் மட்டும் சொகப்படணும். இதுக்கு வாசனையே கெடையாதுண்ணா. இதுல நீயும் நானும் ஒண்ணு" என்றார். ஐயா, அறிவிப்பின்படி அப்புறப்படுத்த வேண்டிய பொருட்களில் இதுவும் ஒன்று.

10. சென்ற மே மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஆய்வுக்கு வந்திருக்கிறார். மாடி ஏறவில்லை. கீழே பைக்கில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தார். நான் மேலிருந்து பார்த்துக் கும்பிட்டேன். அவரும் தலையாட்டினார். செடியைத்தான் ரசிக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நல்லதாக ஒரு காயைக் காம்போடு தூக்கிக் காட்டினேன். அவர் குறித்துக்கொண்டு போனார். அறிவிப்பில் உள்ளபடி அவர் குறித்தவை நான்கு. ஒவ்வொன்றுக்கும் என் பதிலைச் சமர்ப்பிக்கிறேன்.

அ) "நீல நிற ரசாயன டிரம்கள்." டிரம் நீலம் என்பது உண்மை. ஆம்பூரில் டிரம் என்றாலே நீலம்தான், வேறு நிறத்தில் கிடைக்காது. டிரம் கடையில் வாங்கி, கழுவி, பாதியாக அறுத்துத்தான் இந்த ஊரில் பாதிப் பேர் தண்ணீர் பிடிக்கிறார்கள், செடி வைக்கிறார்கள். ஒன்றில் கத்தரி இருக்கிறது, ஒன்றில் அவரை.

ஆ) "பழுப்பு நிறக் கழிவுநீர் சொட்டுகிறது." கடலைப் புண்ணாக்குத் தண்ணீர். சொட்டியது தவறு. இப்போது தொட்டிகளின் அடியில் தட்டு வைத்துவிட்டேன். இந்த ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

இ) "பதனிட்ட தோல்கள் காயப் போடப்பட்டுள்ளன." தூரத்திலிருந்து பார்த்தால் தோல் மாதிரி தெரிந்திருக்கிறது. தோல்தான், அதில் வழக்கு இல்லை. அக்னி நட்சத்திரத்தில் கத்தரி இலை அப்பளமாகப் பொரிந்தது. பச்சை வலை கட்டினேன், காற்றில் போய்விட்டது. ஷூவுக்கு உள்பக்கம் வைக்கும் மெல்லிய தோலில் கழித்துப் போட்ட துண்டுகள் மூட்டையாகக் கிடைக்கும். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து ஒரு படுதா கட்டியிருக்கிறோம். அது வேறெங்கோ பதனிடப்பட்டது. என் வீட்டில் வெயிலை மட்டும் தாங்குகிறது. அதைத் தைத்துக் கொடுத்தவர் யார் என்று தாங்கள் கேட்கலாம். சவுரியம்மாள்தான். புகார் கொடுத்தவரே தன் வீட்டு மெஷினில் தைத்து, கயிற்றில் கட்டி மேலே அனுப்பிய படுதா, அந்தப் புகாருக்குச் சாட்சியாகிவிட்டது.

ஈ) "கயிறு மூலம் சரக்கு ஏற்றி இறக்கப்படுகிறது." மேலே ஒன்பதாம் பத்தியில் சொன்ன அரிசி கழுவிய தண்ணீரும் கத்தரிக்காயும்தான் சரக்கு.

11. அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனபோது நான் வீட்டில் இல்லை. வந்து பார்த்ததும் பிய்த்துக்கொண்டு, எந்தக் காகிதம் வந்தாலும் போகிற இடத்துக்கே போனேன். சவுரியம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "சி பிளாக் இரண்டாம் தளத்தில் மூன்று டிரம்களில் தோல் ஊற வைத்து, குடியிருப்போர் மூச்சுவிட முடியாத நிலையில்" என்பது வரை படித்தார். பிறகு நிறுத்திவிட்டார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து மீதியைப் படித்தார். கடைசி வரி வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணா, இந்தப் புகாரு எழுதனதே நான்தான்" என்றார். "யாருமே வரல, குப்பையில போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் உன்னாண்ட சொல்லவும் வாய் வரல."

எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். "நீயா? நல்லாத்தாம்மா எழுதிக்கீற. ஆனா மூணு டிரம்முன்னு போட்டிருக்கியே, என்னாண்ட ரெண்டுதானே இருந்துச்சு?" என்றேன்.

"கோவத்துல ஒண்ணு ஜாஸ்தி எழுதிட்டேன்" என்றார். அதன் பிறகுதான் அழுதார்.

12. அடுத்த திங்கட்கிழமை நாங்கள் இருவரும் தங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். தாங்கள் வெளியே சென்றிருந்தீர்கள். அங்கிருந்த எழுத்தரிடம் சவுரியம்மாள், புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றார். வாயால் சொன்னால் ஆகாது, கோப்பு நகர்ந்துவிட்டது என்றார்கள். அப்படியானால் நான் தோல் போடவில்லை என்று சொன்னேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பெரியவரே, ஒண்ணு நீ தோல் போட்டிருக்கணும். இல்லேன்னா இந்தம்மா பொய்ப் புகார் குடுத்திருக்கணும். பொய்ப் புகார்னா அவங்க மேல ஆக்‌ஷன், அவங்க வூடும் ரிவ்யூவுக்குப் போவும். ரெண்டுல ஒண்ண எழுதிக் குடு." அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் இருப்பவை இரண்டு கட்டம்தான், அதில் ஒன்றில்தான் அவர் டிக் போட முடியும்.

13. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். சவுரியம்மாள், "நான் பொய் சொன்னேன்னே எழுதிடறேண்ணா. ஒரு வயசு போன பொம்பளைய இன்னா பண்ணிடப் போறாங்க" என்றார். நான், "தோல் போட்டேன்னு ரேகை வெக்கிறேன். வூட்ட எடுத்துக்கிட்டா ஹமீது மொட்டை மாடியில எனக்கு எடம் குடுப்பான்" என்றேன். இதுதான் சாக்கு என்று இருவரும் திரும்பச் சண்டை போட்டோம். இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த சண்டை. முன்பு நீ செய்தாய் என்று சண்டை, இப்போது நான் செய்தேன் என்று சண்டை. அவ்வளவுதான் வித்தியாசம். டீக்கடைக்காரர் வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்தார்.

14. ஐயா, யோசித்துப் பார்த்தேன். நாங்கள் இருவருமே பொய் எழுத வேண்டியதில்லை. வாசனை வந்தது உண்மை. அது தோல் தொட்டி வாசனை என்பதும் உண்மை. அதைத் தோல் என்று அவர் நினைத்ததும் நியாயம். ஒரு டிரம் மட்டும் கோபத்தில் கூடிவிட்டது. அதேபோல நான் தோல் போடவில்லை என்பதும் உண்மை. அவரிடம் மூக்கு இருந்தது, விவரம் இல்லை. என்னிடம் விவரம் இருந்தது, மூக்கு இல்லை. அப்படி நடந்த தப்பு இது. எழுத்தரிடம் இதற்குக் கட்டம் இல்லாமல் இருக்கலாம். தங்களிடம் பேனா இருக்கிறது, ஒரு கட்டம் போட்டுக்கொள்ளலாம் என்று நம்புகிறேன்.

15. ஆகவே பணிவுடன் வேண்டிக்கொள்வது:

முதலாவது, முப்பதாம் தேதிக்கு முன்பு தாங்களே அல்லது தாங்கள் அனுப்பும் ஒருவர் பகலில் வந்து, மாடி ஏறி, பால்கனியில் நின்று பார்க்க வேண்டும். லிஃப்ட் ரிப்பேரில் இருக்கிறது, அதற்கு வருந்துகிறேன். அது தங்கள் துறைதான். டிரம்மைத் தட்டிப் பார்க்கலாம், மண்ணைக் கிளறிப் பார்க்கலாம், படுதாவை அவிழ்த்துப் பார்க்கலாம். ஸ்டூல் போடுகிறேன். கத்தரிக்காய் கொடுத்தால் லஞ்சமாகிவிடும் என்று எழுதுபவர் சொல்வதால் கொடுக்க மாட்டோம். பார்க்க மட்டும் செய்யலாம்.

இரண்டாவது, பார்த்த பிறகு அறிவிப்பை ரத்து செய்து, வீட்டு ஒதுக்கீடு தொடர உத்தரவிட வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். முதல் இரண்டும் முடியாமல் போனாலும் இதையாவது செய்ய வேண்டும். சவுரியம்மாள் கொடுத்தது பொய்ப் புகார் என்று எந்தக் காகிதத்திலும் எழுதக் கூடாது. அவர் கணவர் அந்தத் தொட்டியில் இறங்கிய நாளில், வாசனை தப்பாக இருக்கிறது என்று யாராவது ஒருவர் புகார் எழுதியிருந்தால், அந்த மனிதர் ஏறி வந்திருப்பார். வாசனை வந்தால் எழுத வேண்டும். அவர் எழுதினார். அது என்னைப் பற்றியதாக அமைந்துவிட்டது, அவ்வளவே.

16. கடைசியாக ஒன்று. சவுரியம்மாள் பயந்துபோய் என்னிடம் சமாதானமாகிவிட்டார் என்றோ, நான் மிரட்டி இப்படி எழுத வைத்தேன் என்றோ தங்களுக்குச் சந்தேகம் வரலாம். கோப்பில் இருக்கும் பழைய புகாரை எடுத்து இந்த மனுவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும். கையெழுத்தை ஒப்பிடவும். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் வரிகள் வலது பக்கம் போகப் போக மேலே ஏறுவது எனக்கே தெரிகிறது. இரண்டையும் எழுதியது ஒரே கை. அந்தப் புகாரைக் கோபத்தில் எழுதியது. இதை எழுதும்போது ஏழாம் பத்தியில் மட்டும் கொஞ்சம் நின்றது. மற்றபடி, நான் மூக்கு நீளம் என்று சொன்னதற்கு என்னைத் திட்டிக்கொண்டே எழுதி முடித்திருக்கிறது.

என் ரேகை தெளிவாக விழவில்லை என்று மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அழுத்தித்தான் வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

நாள்: 16.6.2025
இடம்: ஆம்பூர்

இங்ஙனம்,
தங்கள் வருகையை எதிர்பார்த்து மாடியில் காத்திருக்கும்,

(இடது கைப் பெருவிரல் ரேகை)
சி. வேலாயுதம்

வாய்மொழி கேட்டு எழுதியவர்:

மேற்கண்ட யாவும் அவர் சொல்ல, நான் எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகு ரேகை வைத்தது. அவர் வீட்டுக்கு என்ன உத்தரவோ அதையே என் வீட்டுக்கும் போடவும். என் முந்தைய மனுவில் ஒரு திருத்தம்: டிரம் இரண்டுதான்.

(ஒப்பம்)
சவுரியம்மாள்,
எண் 7, முதல் தளம், சி பிளாக்.